ஆம்ப்ரோஸின் கையில் மண்ணெண்ணெய்

மூன்றாம் கேள்வி, இருபத்தைந்து மதிப்பெண்:
ஆம்ப்ரோஸ் மீது நமக்கு இரக்கம் வரும்படி
ஆசிரியர் எவ்வாறு எழுதியிருக்கிறார்?
சான்றுகளுடன் விளக்குக.

பாய லேபாரில் மாலை வகுப்பு.
குளிர்சாதனம் நேராகப் பிடரியில் ஊதுகிறது.
ரோஹானா அதற்குள் இரண்டு பக்கம் தாண்டிவிட்டாள்.
நான் காவலாளிச் சீருடையின்மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முந்நூற்றுப் பதினாறு பக்க நாவல்.
வழக்கறிஞருக்கு ஒரு மகள், ஒரு நொண்டி நாய்,
சன்னலோரம் நின்று யோசிக்க மழையும் உண்டு.
அவர் வாதாடுவது பதினொரு பக்கம்.
ஆம்ப்ரோஸ் வாய் திறப்பது நான்கே இடங்களில்.
அதில் இரண்டு, "ஆமாம் ஐயா."

தெருவிளக்கு ஏற்றுவது அவன் வேலை.
மர ஆலை எரிந்த இரவில்
அவன் கையில் மண்ணெண்ணெய் வாசம் அடித்ததாம்.
வேறு என்ன வாசம் அடிக்கும்?
அவன் ஏற்றிய வெளிச்சத்தில் நடந்து வந்துதான்
ஊரே அவனை முகர்ந்து பார்த்தது.

இதை எழுதலாம். முரண் என்று பெயர் கொடுக்கலாம்.
மிஸ் டியோ ஓரத்தில் ஒரு 'சரி' போடுவார்.

ஆனால் அவனை எவ்வளவு நல்லவனாகச்
செய்து வைத்திருக்கிறார் பாருங்கள்.
குடிக்க மாட்டான். கோபம் வராது.
விதவைக்கு விறகு பிளந்து கொடுத்துவிட்டுக் கூலி வேண்டாம் என்பான்.
எனக்கு இங்கேதான் இடிக்கிறது.
கொஞ்சம் குடித்திருந்தால்?
யாரிடமோ வாங்கிய கடனைத் தராமல் ஒளிந்து திரிந்திருந்தால்?
ஆலைக்குத் தீ வைத்தது அவனென்று ஆகிவிடுமா?

போன மார்ச்சில், பாசிர் ரிஸ் கொண்டோவில்
ஏழாம் மாடிக்கு வந்த பார்சல் காணவில்லை. ஓட்டப்பயிற்சிக் காலணி.
மேலாளர் என்னைக் கூப்பிட்டு,
"சும்மாதான் கேட்கிறேன்" என்றார்.
என்னோடு அதே இரவு காவலிருந்த திரு லிம்மை
சும்மாகூடக் கேட்கவில்லை.
பையைத் திறந்து காட்டினேன்:
சாப்பாட்டு டப்பா, துண்டு, இந்த நாவல்.
நாவலையும் தலைகீழாக உதறிப் பார்த்தார்,
பக்கங்களுக்கு நடுவே காலணி விழும் என்பதுபோல.
என் குரல் நடுங்கியது.
உள்ளதைச் சொல்கிறேன்: அன்று அதிகாலை மூன்றரைக்கு
நாற்காலியிலேயே பத்து நிமிடம் தூங்கிப்போயிருந்தேன்.
அந்தப் பத்து நிமிடம் என் முகத்தில் நின்றது.
அவர் அதைப் பார்சல் என்று வாசித்துக்கொண்டார்.

பார்சல் மூன்றாம் நாளே கிடைத்துவிட்டது,
எதிர்வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பின்னால்.
குடியிருப்பாளர் வாட்ஸப் குழுவில்
நன்றி சொல்லிச் சிரித்த முகம் ஒன்றும் போட்டார்களாம்.
அந்தக் குழுவில் நான் இல்லை.
ஒன்பதாம் மாடிப் பணிப்பெண் லெஸ்தாரி
குப்பை கொட்ட வந்தபோது சொன்னாள், ஏப்ரலில்.

ஆம்ப்ரோஸ், நான் உன் அளவுக்கு நல்லவனில்லை.
நீ "ஆமாம் ஐயா" என்ற இடத்தில்
பத்து வருடத்தில் பழகிய ஹொக்கியன் வசவு அத்தனையும்
எனக்குள் வரிசையாக வந்து நின்றன.
வாய்தான் "யெஸ் சார்" என்றது.

எழுதத் தொடங்குகிறேன், இரக்கத்தைப் பற்றி அல்ல.
இருநூற்று மூன்றாம் பக்கத்தில் அவனை அடைக்கிறார்கள்.
அதற்குப் பிறகும் பதினேழு இரவுகள் கதை நடக்கிறது.
ஓர் இரவு வழக்கறிஞர் தூக்கம் வராமல் தெருவில் நடக்கிறார்;
அவர் நிழல் கல்தரையில் நீண்டு விழுகிறது.
நிலவில்லை என்று அதே பக்கத்தில் இருக்கிறது.
அப்படியானால் விளக்குகள் எரிந்திருக்கின்றன.
யார் ஏற்றியது?

ஆசிரியர் சொல்லவில்லை. மறந்திருக்கலாம்.
இல்லை, ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு
அதே வாசத்தோடு இன்னொருவன்
அந்தப் பக்கத்துக்குள் எங்கோ நிற்கிறான்,
தன்னை யாரும் முகர்ந்துவிடக் கூடாதே என்று
கையைச் சட்டையில் துடைத்தபடி.

"கேள்வியை விட்டு விலகுகிறீர்கள்" என்று
சிவப்பு மையில் வரும். தெரியும்.
பத்து மணிக்கு எனக்கு இரவு வேலை.
இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.
இன்னொரு தாள் வேண்டும் என்று
கையைத் தூக்குகிறேன்.